விளக்கு எரியலைன்னா கார் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் டேஷ்போர்டையும் ஸ்கேனரையும் படிப்பது எப்படி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, தலைப்புகளாகப் பிரித்திருக்கிறோம்.)

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவங்க நம்மகிட்ட கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "டேஷ்போர்டில் ஒரு லைட்டும் எரியலை, வாங்கிடலாமா?" இன்னொன்று, "என்ஜின் லைட் எரியுது, ஓனர் வெறும் சென்சார்தான்னு சொல்றார், விலையும் குறைக்கிறார், வாங்கிடலாமா?"

இரண்டு பேருமே அந்த விளக்கைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கறாங்க. அது தீர்ப்பு இல்லை. காருக்குள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் தன் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லும் ஒரு புகார், அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டரை மறக்க வைக்கலாம், வாயை அடைக்கலாம், அதுக்குத் தெரியாத கோளாறும் என்ஜினில் இருக்கலாம். அதனால் எரிகிற விளக்கை எப்படிப் படிப்பது, எரியாத விளக்கை எப்படிச் சந்தேகப்படுவது, இரண்டையும் இன்னிக்குப் பார்த்துடலாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கலாம்: மாஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003-ல் சந்தைக்கு வந்து 2012 வரை தயாரான கார். பிஸ்டன் கிடையாது. இரண்டு ரோட்டர் சுழலும் 1.3 லிட்டர் ரோட்டரி என்ஜின். சக்தி கூடிய வகை 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும். பிரிட்டனில் இன்னிக்கு இந்தக் கார் மலிவாகக் கிடைக்குது. ஆனால் என்ஜின் போச்சுன்னா, திரும்பக் கட்டுற செலவு கார் விலையையே தாண்டிடலாம். அதனால் டேஷ்போர்டைச் சரியாகப் படிக்கத் தெரிவது இங்கே நேரடியாகப் பண விஷயம்.

முதலில் நிறம்

சிவப்பு எரிந்தால் நிறுத்தணும். மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் பார்க்கணும். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்குன்னு சொல்பவை. பல நாட்டுக் கார்களிலும் இதே வழக்கம்தான்.

சிவப்பில் ரொம்ப முக்கியமானது எண்ணெய்க் குடம் மாதிரி இருக்கும் ஆயில் பிரஷர் விளக்கு. பலர் இதை "ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. இது ஆயிலின் அளவைச் சொல்லலை, அழுத்தத்தைச் சொல்லுது. அழுத்தம் ரொம்பவே இறங்கிய பிறகுதான் எரியும். ஓடும்போது அது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்கூடப் போகக் கூடாது. ஓரம் கட்டி என்ஜினை அணைக்கணும்.

மஞ்சளில் நமக்கு வேண்டியது என்ஜின் லைட். இது இரண்டு விதமாக எரியும். நிலையாக எரிந்தால், உமிழ்வைப் பாதிக்கக்கூடிய ஒரு கோளாறு பதிவாகியிருக்கு, அவசரப்படாமல் பார்க்கலாம். மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. என்ஜினில் மிஸ்ஃபயர் நடக்குது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகுது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இந்த நிமிஷமே கெட்டுக்கொண்டிருக்குன்னு அர்த்தம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கணும். டெஸ்ட் டிரைவில் அப்படி மின்னினால், "ஈரத்தில் அப்படித்தான் வரும், போயிடும்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம்.

சாவி போட்டதும் சில வினாடிகள்

இனி எரியாத விளக்கு. சாவியைத் திருப்புங்க, ஆனா ஸ்டார்ட் பண்ணாதீங்க. அந்த நிலையில் என்ஜின் லைட், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒரு முறை எரிந்து காட்டணும். பல்பு உயிரோடு இருக்குன்னு கார் தானே செய்துகொள்ளும் பரிசோதனை அது.

இதில் எரியாத விளக்குதான் கவனிக்க வேண்டியது. என்ஜின் லைட் இந்த நேரத்தில் எரியவே இல்லைன்னா, பல்பு போயிருக்கலாம்; யாராவது கழற்றியோ மறைத்தோ இருக்கலாம். ஏர்பேக் விளக்கில் இன்னொரு தந்திரம் உண்டு. அதன் ஒயரை வேறொரு விளக்கோடு சேர்த்துவிடுவார்கள். அந்த விளக்கு அணையும்போது இதுவும் அணையும். ஏர்பேக் விளக்கு சாதாரணமாகத் தன் பரிசோதனையை முடித்துக்கொண்டு, சில வினாடியில் தனியாக அணையும். ஆயில் விளக்கோடு கைகோத்து எரிந்து, அதோடு ஒரே கணத்தில் அணைந்தால் சந்தேகப்படுங்க.

இதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. ஆனா ஓனர் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தால் பார்க்க முடியாது. அதனால் "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிடுங்க.

கோட் எண்ணில் என்ன இருக்கு?

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் ஓபிடி-2 கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2000-களின் தொடக்கத்திலிருந்து அதே மாதிரி ஏற்பாடு வந்தது. ஸ்டியரிங் அருகில், டேஷ்போர்டுக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சின்ன ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் போனிலேயே கோட்களைப் படிக்கலாம்.

கோட் எண் ஐந்து எழுத்துகள் கொண்டது. உதாரணத்துக்கு பி0301. முதல் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும்: பி என்றால் என்ஜின், கியர்பாக்ஸ், சி என்றால் பிரேக் மாதிரி அடிச்சட்டப் பகுதி, பி-யோடு குழம்பக் கூடாத ஆங்கில இரண்டாம் எழுத்து வந்தால் ஏர்பேக், கதவு போன்ற உடல் பகுதி, யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பேச்சுவார்த்தை. இரண்டாவது இடத்தில் 0 இருந்தால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட், 1 இருந்தால் அந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாவது இலக்கம் துறை: 1 என்றால் காற்றும் பெட்ரோலும், 3 என்றால் இக்னிஷன், 4 என்றால் உமிழ்வுக் கட்டுப்பாடு. ஆக, பி0301 என்பது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஆர்எக்ஸ்-8-ல் சிலிண்டர் இல்லையே என்று கேட்பீங்க. அங்கே அது முன் ரோட்டர். பி0302 பின் ரோட்டர். பி0300 என்றால் இடம் குறிப்பிட முடியாத மிஸ்ஃபயர்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குற இடம். கோட் எண் எந்தப் பாகம் கெட்டதுன்னு சொல்றதில்லை. எந்த அளவீடு எதிர்பார்த்த எல்லையைத் தாண்டியதுன்னுதான் சொல்லுது. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டினால் தெர்மாமீட்டரை மாத்த மாட்டோமில்லையா? பி0171 வந்தால் "பெட்ரோலுக்குக் காற்று அதிகம்" என்று பொருள். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாத்தறாங்க. பெரும்பாலும் அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். காற்றுக் குழாயில் வெடிப்பு, பெட்ரோல் பம்ப் பலவீனம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு என்று காரணம் வேறெங்கோ இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களில், எண்ணெய் தடவிய வெளிச்சந்தை ஏர் ஃபில்டர் போட்டு, அந்த எண்ணெய் சென்சாரில் படிவதும் உண்டு.

இதைப் பிரித்தறிய ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்க. கம்ப்யூட்டர் எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுது, குறைக்குதுன்னு அது சொல்லும். பிளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் ரொம்பக் கூடுதலாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இறங்கி வருதா? காற்று எங்கோ கசிந்து உள்ளே வருது. ஐடிலில் சரியாக இருந்து, அழுத்தி ஓட்டும்போது ஏறுதா? பெட்ரோல் வரத்தையோ காற்று அளக்கும் சென்சாரையோ பாருங்க.

"வெறும் சென்சார்தான்"

ஆர்எக்ஸ்-8 விற்கிறவர்கள் அதிகம் சொல்லும் இந்த வாக்கியம் பெரும்பாலும் பி0420 என்ற கோட் எண்ணைப் பற்றியது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். உள்ளே போகும் புகையில் ஆக்ஸிஜன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தால் வெளியே வரும் புகையில் அந்த ஏற்ற இறக்கம் அடங்கியிருக்கும். பின்னால் இருக்கும் சென்சாரும் ஏறி இறங்க ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யலைன்னு கம்ப்யூட்டர் முடிவு கட்டும். பின் சென்சார் கெட்டிருந்தாலோ சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலோகூட இந்தக் கோட் வரலாம். அதனால் ஓனர் சொல்வது பொய்யாகத்தான் இருக்கணும்னு இல்லை.

ஆனா ஆர்எக்ஸ்-8-ல் இதற்கு ஒரு பழகிய பாதை உண்டு. இந்தக் காரில் நாலு இக்னிஷன் காயில், நாலு பிளக். காயில்கள் தேயும் பாகங்கள் மாதிரி பலவீனமாகும். தீப்பொறி சரியாக விழாதபோது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் அளவுக்கு மீறிச் சூடாகி உருகி, அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் சூடு என்ஜின் பக்கமே திரும்பும். ரோட்டர் முனைகளில் இருக்கும் சீல்களுக்கு அந்தச் சூடு ஆகாது.

அதாவது பி0420 தனியாக வந்திருந்தாலும் அது கதையின் கடைசிப் பக்கமாக இருக்கலாம். கன்வெர்ட்டர் ஏன் செத்ததுன்னு கேட்காமல் புது கன்வெர்ட்டர் போட்டால், அதே காயில்கள் அதையும் கொன்றுவிடும். காயில் கடைசியாக எப்போ மாத்தினாங்க, ரசீது இருக்கா என்று கேளுங்க. சுமாரான செலவில் தடுக்கக்கூடிய நஷ்டம் இது.

அழித்தவர் விட்டுப்போகும் தடயம்

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். ஒரு விளக்கும் எரியலை, ஸ்கேனரில் கோட்களும் இல்லை. நல்ல காரா?

கோட்களை அழிக்க ஒரே ஒரு பட்டன் போதும். பல கார்களில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலே போயிடும். பெரும்பாலான கோளாறுகள் இரண்டு தனித்தனிப் பயணங்களில் தென்பட்ட பிறகுதான் விளக்கு எரியும். அதனால் நேற்று ராத்திரி அழித்த கார் இன்னிக்கு நீங்க ஓட்டும் பதினைந்து நிமிஷத்துக்கு நல்ல பிள்ளையாக இருக்கும்.

ஆனால் அழித்தால் தடயம் மிஞ்சும். மூன்று இடத்தில் பாருங்க.

ஒன்று, ரெடினஸ் மானிட்டர். கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் இவற்றை எல்லாம் சோதித்து முடித்துவிட்டேனா என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு இது. கோட்களை அழித்தால் இதுவும் அழியும். திரும்ப நிரம்ப, குளிர்ந்த என்ஜினில் தொடங்கி நகரத்திலும் மோட்டார்வேயிலும் ஓடணும், சில நாளாகும். "முடியவில்லை" என்று பல வரிகள் இருந்தால் சமீபத்தில் யாரோ துடைத்திருக்காங்க.

இரண்டு, கோட்களை அழித்த பிறகு ஓடிய தூரம். பல கார்கள் இதைக் கிலோமீட்டரில் சொல்லும். நல்ல ஆப்களில் தெரியும். ஆறு மாசமாகப் பிரச்சினையே இல்லைன்னு சொல்லும் காரில் இது 14 கிலோமீட்டர்னு காட்டினால், அடுத்த கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும்.

மூன்று, நீண்டகால ஃபியூயல் ட்ரிம். பல கார்களில் அழித்ததும் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். வயதான கார் அச்சு அசலாகப் பூஜ்யத்தில் நிற்பது அபூர்வம்.

இதைப் பார்த்ததும் சண்டைக்குப் போக வேண்டாம். பேட்டரி மாத்தியிருக்கலாம், நிஜமாகவே ரிப்பேர் செய்து அழித்திருக்கலாம். ரசீது காட்டச் சொல்லுங்க. இல்லைன்னா, "சரி, ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்க, மானிட்டர் நிரம்பினதும் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்க. நேர்மையான ஓனருக்கு அதில் நஷ்டமில்லை.

பிரிட்டனில் இது ஏன் கூடுதல் முக்கியம்? 2018 மே 20 முதல், எம்ஓடி சோதனையில் என்ஜின் லைட் எரிந்தால் கார் ஃபெயில். 2003 ஜூலை 1 முதல் பதிவான பெட்ரோல் கார்களுக்கு இது பொருந்தும். ஆனா அந்தச் சோதனையில் விளக்கைத்தான் பார்க்கிறார்கள். ஸ்கேனரைச் செருகி ரெடினஸ் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவின் ஸ்மாக் சோதனையில் அதையும் பார்க்கிறார்கள். ஆகவே பிரிட்டனில் சோதனைக்குப் போகும் காலையில் கோட்களை அழித்துவிட்டுப் பாஸ் வாங்கிடுவது சாத்தியம்.

அதற்கு மருந்தும் அரசாங்கமே தந்திருக்கு. நம்பர் பிளேட்டைப் போட்டால் எம்ஓடி வரலாறு இணையத்தில் இலவசமாகத் தெரியும். என்ஜின் லைட்டுக்காக ஃபெயில், அதே நாள் மதியம் பாஸ் என்று இருந்தால், நடுவில் என்ன வேலை நடந்ததுன்னு கேளுங்க.

இன்னொன்று. சிலர் கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட காரில் பி0420 வந்தாகணும். வரலைன்னா சாஃப்ட்வேரில் அந்தச் சோதனையையே நிறுத்தியிருக்கலாம், பின் சென்சாரை ஏமாற்ற இடைத்துண்டு போட்டிருக்கலாம். தொழிற்சாலையில் பொருத்திய கன்வெர்ட்டர் இல்லாமல் எம்ஓடி பாஸாகாது என்பதையும் மறக்காதீங்க. குனிந்து அடியில் ஒரு முறை பாருங்க.

ஒரே நேரத்தில் நாலு விளக்கு

எல்லாமே பயமுறுத்தும் கதை இல்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும். பேட்டரி தளர்ந்தால் ஏபிஎஸ், டிராக்‌ஷன், ஸ்டியரிங் என்று விளக்குகள் கூட்டமாக எரியும். அப்போ முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்க. என்ஜின் அணைந்து ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது பொதுவாக 14 வோல்ட் பக்கம் இருக்கணும்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சக்கர வேக சென்சாரோ அதன் ஒயரோ காரணமாக இருப்பது வழக்கம். ஏர்பேக் விளக்குக்கு சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர் தளர்வதும் ஒரு காரணம். ஆனா அந்த மஞ்சள் கனெக்டர்களை வீட்டில் நோண்டக் கூடாது. மலிவான ஆப்கள் பொதுவாக என்ஜின் கோட்களை மட்டும்தான் காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக் படிக்க அந்த நிறுவனத்துக்கு ஏற்ற மென்பொருள் வேணும். மாஸ்டாவுக்கு ஃபோர்ஸ்கேன் பலர் பயன்படுத்துவது.

கம்ப்யூட்டருக்கே தெரியாதவை

கடைசியாக, எந்த விளக்கும் சொல்லாத விஷயங்கள். ஆர்எக்ஸ்-8-ல் மிகப் பெரிய செலவு வைப்பது கம்ப்ரெஷன் குறைவு. அதை அளக்கும் சென்சாரே கிடையாது. நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது நீளமாகச் சுற்றித் திணறினால் அதுதான் அறிகுறி. உறுதிப்படுத்த ரோட்டரிக்கென்றே இருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டர் வேணும்; சாதாரண டெஸ்டர் ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. இந்த என்ஜின் சீல்களை நனைக்கத் தன் ஆயிலைத் தானே கொஞ்சம் எரிக்கும், அது வடிவமைப்பு. அதனால் ஆயில் அளவை விளக்கை நம்பாமல் குச்சியை எடுத்துப் பார்த்தே ஆகணும்.

முள் காட்டும் மீட்டரையும் முழுசா நம்பாதீங்க. மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் தொடக்கத்தில் உண்மையான ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தது. 90-களின் நடுவில் அதை வெறும் சுவிட்ச் ஆக்கிவிட்டார்கள். அழுத்தம் ஓரளவு இருந்தாலே முள் நடுவில் போய் உட்காரும். பல கார்களின் வெப்பமானியும் ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. கூலன்ட் வெப்பநிலையை ஸ்கேனரில் டிகிரியாகவே பாருங்க.

கார் பார்க்கப் போகும் நாளில்

வரிசையாகச் சொல்லிடறேன், குறிச்சுக்கங்க. வீட்டிலேயே எம்ஓடி வரலாறு. போனதும் என்ஜின் குளிர்ந்திருக்கான்னு போனட்டில் கை வெச்சுப் பாருங்க. சாவி போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் எல்லா விளக்கும் எரிந்து அணையுதான்னு கவனிங்க. ஸ்கேனரில் பதிவான கோட்கள், முதல் முறை மட்டும் தென்பட்டுக் காத்திருக்கும் கோட்கள், ரெடினஸ், அழித்த பிறகு ஓடிய தூரம். அப்புறம் நல்லாச் சூடாகும் வரை ஓட்டுங்க. திரும்பி வந்ததும் கோட்களை இன்னொரு முறை படிங்க. காத்திருக்கும் பட்டியலில் புதுசா ஏதாவது வந்திருந்தால் அதுதான் அந்தக் காரின் உண்மையான பேச்சு. கடைசியா அணைச்சு, சில நிமிஷம் விட்டு, சூடாகவே திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். கோட் இருக்கு என்பதற்காக ஒரு நல்ல காரை விட வேண்டாம். காரணம் தெரிந்த கோட் என்றால் அதை வைத்தே விலை பேசலாம். ஆனால் காரணம் தெரியாத காலிப் பக்கத்துக்கு முழு விலை கொடுக்காதீங்க.

உங்க காரில் வந்த கோட் எண் பற்றிக் கேட்கணும்னா, அந்த எண்ணோடு அப்போ பதிவான வேகம், வெப்பநிலை, ஆர்பிஎம் விவரத்தையும் சேர்த்து அனுப்புங்க. ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற இடத்தில் இருக்கும். அழிச்சுட்டு அனுப்பாதீங்க, அழித்தால் அதுவும் போயிடும். அடுத்த பகுதியில் சந்திப்போம்.